இடம் பொருள் ஏவல்

ஒரு பாஷையின் இலக்கணம் நம்மைத் திண்ணைவரை அழைத்துக்கொண்டு போகும். அகராதி, கூடத்தில் பாய் போட்டு உட்கார வைக்கும். ஆனால் அடுக்களைக்குள் போய், வீட்டாரோடு வீட்டாராக உட்கார்ந்து, அவர்கள் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டுமானால் அதற்கு வேறொரு படிப்பு வேண்டும். மரபுத்தொடர் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் படிப்பு.

"அவனுக்குக் கை நீளம்" என்று நாம் சொன்னால், கேட்கிறவர் முழக்கோலைத் தேடி ஓடுவதில்லை, பணப்பெட்டியைப் பூட்டுகிறார். "வீட்டில் தலைக்குமேல் வேலை" என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதையெல்லாம் நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டி திட்டியதிலிருந்தும், அத்தை பரிகாசம் செய்ததிலிருந்தும், சந்தையில் காய்கறிக்காரி பேரம் பேசியதிலிருந்தும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

பிறத்தியார் பாஷையில்தான் இது பெரிய பாடாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெருமழை பெய்தால் பூனையும் நாயுமாகப் பெய்யும். ஏன் பூனை, ஏன் நாய் என்று அந்த நாட்டுப் பண்டிதர்கள் பல காலமாக விவாதித்திருக்கிறார்கள், முடிவு கண்டபாடில்லை. கலிவரின் யாத்திரைகளை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாகரிக மனிதர்கள் விருந்துகளில் பேசிப் பேசித் தேய்ந்துபோன வாசகங்களையெல்லாம் திரட்டிக் கேலி செய்யும் புத்தகம். பூனை, நாய் மழை அதிலே பெய்கிறது. ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன்பே ஓர் அறிவாளி கேலி செய்து தள்ளிய அந்த வாசகத்தை, இன்று சேலம் ஜில்லா எடப்பாடிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். என் காதால் கேட்டேன்.

எடப்பாடி மழைக்குப் பேர்போன ஊர் அல்ல. சரபங்கா நதி அங்கே இருக்கிறது. ஆனால் வருஷத்தில் பல மாதங்கள் அதில் தண்ணீரைக் காட்டிலும் பெயர்தான் அதிகமாக ஓடும். காவிரியைப் பார்க்க வேண்டுமானால் பூலாம்பட்டிக்குப் போக வேண்டும். எடப்பாடி தறிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். முதல் நாள் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. மூன்றாம் நாள் மின்சாரம் நின்று தறி ஓய்ந்ததும், 'என்ன ஆயிற்று?' என்று திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம். அந்த ஊர்ப் பக்கம் என் தங்கை மகள் ஒரு தொடக்கப் பள்ளியில் உபாத்தியாயினியாக இருக்கிறாள். அவள் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தபோதுதான் இந்த விஷயம் வந்தது.

"மாமா, நீங்க கதை எழுதறவங்க. ஒரு நாள் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைங்ககிட்டப் பேசிட்டுப் போங்களேன்" என்றாள்.

"கதை சொல்ல வேண்டுமா, அம்மா?"

"கதை வேண்டாம். ஈடியம் சொல்லிக் கொடுக்கோணும்."

அவள் என்னிடம் நீட்டியது ஒரு கைடு. பள்ளிகளுக்கிடையே நடக்கிற ஓர் ஆங்கிலப் போட்டிக்காக வாங்கியதாம். அதில் 40 தொடர்கள். இடது பக்கம் ஆங்கிலத் தொடர், வலது பக்கம் தமிழில் பொருள். 'பீஸ் ஆஃப் கேக்: மிக எளிது. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்: எப்போதாவது. அண்டர் தி வெதர்: உடம்பு சரியில்லை.' இப்படி இரண்டு பத்திகள். நடுவிலே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு மாதிரி. பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரியே சொன்னார்கள். நாலேழு இருபத்தெட்டு, ப்ளூ மூன் எப்போதாவது.

"நன்றாகத்தானே சொல்கிறார்கள்? நான் எதற்கு?" என்று கேட்டேன்.

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நாலு கோடு நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒரு பையன் எழுதிய லீவு லெட்டர். எழுத்து ஒவ்வொன்றும் கோட்டை மீறாமல் நிற்கிறது. 'மதிப்புக்குரிய டீச்சர்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, அடுத்த வரியில் 'மை கிராண்ட்ஃபாதர் கிக்டு த பக்கெட்' என்று எழுதி, ஆகையால் மூன்று நாள் பள்ளிக்கு வர இயலாது என்று முடித்திருந்தான்.

கைடில் 'கிக் த பக்கெட்' என்பதற்கு எதிரே 'இறந்து போ' என்று இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது. பையன் அதை எடுத்து, இறந்த காலத்துக்கு மாற்றி, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிவிட்டான். இலக்கணப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த வாசகம் ஆங்கிலத்தில் என்ன தொனியில் ஒலிக்கும் என்பது கைடு எழுதியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அந்தப் பையனுக்குத் தெரிய வழியே இல்லை. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-இல் கொச்சைப் பேச்சுக்கென்றே ஓர் அகராதி போட்டார். பக்கெட்டை உதைப்பது அந்த அகராதியில் இருக்கிறது. பன்றியை அறுத்துத் தொங்கவிடும் உத்தரத்துக்கு ஒரு காலத்தில் அந்தப் பெயர் உண்டு என்றும், தொங்கும் பிராணி காலை உதைத்துக்கொள்வதிலிருந்து இது வந்தது என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். எப்படியானாலும் பிறந்ததிலிருந்தே விளையாட்டுக்கும் பரிகாசத்துக்கும் உரிய வாசகம். தாத்தாவின் சாவுக்கு உரியதல்ல.

கடிதம் வந்த அன்று என் மருமகள் விடுப்பில் இருந்தாள். வேறு யாரோ வாங்கிப் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் அது உரக்கப் படிக்கப்பட்டது, சிரிப்பு எழுந்தது. கடிதத்தைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பையன் வாசலிலே நின்றுகொண்டிருந்தான். அவன் வழியாக அது வகுப்புக்குப் போய்விட்டது. துக்கம் முடிந்து நான்காம் நாள் மொட்டைத் தலையோடு பையன் வந்தபோது அவனுக்குப் புதுப் பெயர் ஒன்று காத்திருந்தது. 'பக்கெட்.'

"அன்னையிலிருந்து இங்கிலீஷ் பீரியடில் வாயே திறக்க மாட்டேங்கறான், மாமா. அவங்கம்மா வந்தாங்க. 'எம்பையன் என்னமோ தப்பா எழுதிட்டானாமுங்க டீச்சரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க'ன்னாங்க. நான் என்னன்னு சொல்றது?"

நானும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இந்தத் தாயையும் இவளைப் போன்ற ஆயிரம் தாய் தந்தையரையும் நாம் எளிதாகக் கேலி செய்துவிடலாம். 'ஆங்கில மோகம்' என்று இரண்டு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. விசைத்தறி ஓட்டுகிறவர் பன்னிரண்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நிற்கிறார். இழை அறுந்தால் ஓடி முடிய வேண்டும். வயதானதும் காது மந்தமாகிறது. 'என் பிள்ளையாவது நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிக் குளிர்ந்த அறையில் உட்காரட்டும்' என்று அவர் நினைத்தால் அது மோகம் அல்ல, கணக்கு. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் வரத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்று அட்டைகளைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த பள்ளத்தை நிரப்ப, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்று தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் ஆட்டமும் பாட்டுமாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. இவை எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் ஆங்கிலம் உள்ளவர்களின் உள்வட்டத்துக்குள் போகிற வாசல் ஒன்று இருக்கிறது. அதில் இந்த மரபுத்தொடர்கள் காவலாளி மாதிரி நிற்கின்றன. சரியாகச் சொன்னவனை உள்ளே விடும். இடம் தவறிச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். 27 பிள்ளைகள். மொட்டைத் தலையில் முளை விட்டிருந்த பையன் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். கைடைத் திறக்கவில்லை.

"உங்கள் வீட்டில் தறி பற்றி, நூல் பற்றி என்னென்ன சொல்வார்கள்? துணி நெய்வதைச் சொல்ல வேண்டாம். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது தறியை இழுப்பார்களே, அதைச் சொல்லுங்கள்" என்றேன்.

முதலில் மௌனம். பிறகு ஒருத்தி எழுந்து, "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைங்க" என்றாள். இன்னொருவன், "அந்த ரெண்டு வீடும் ஊடும் பாவுமா இருக்குதுன்னு எங்க அப்பத்தா சொல்லுமுங்க" என்றான். மூன்றாவதாக ஒரு சிறுமி சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "எங்க அம்மாவும் பெரியம்மாவும் சண்டை போட்டுக்கிட்டாங்கன்னா, 'இழை அறுந்தா தறிய நிறுத்தோணும், முடிச்சுப் போட்டுட்டுத்தான் ஓட்டோணும்'னு எங்க அப்பா சொல்வாருங்க."

எந்தப் பழமொழித் தொகுப்பிலும் இதை நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் தம் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். மரபுத்தொடர் என்பது பிறப்பது இப்படித்தான். கை எதைச் செய்கிறதோ அதை வாய் பேசுகிறது. கையின் வேலை ஊரெல்லாம் ஒன்றாக இருந்தால் வாயின் பேச்சும் ஊரெல்லாம் பரவுகிறது. இங்கிலீஷ்காரனுக்கும் அதே கதைதான். அவனுக்குக் கடல் உண்டு, கப்பல் உண்டு. ஆகையால் அவன் பேச்சில் நங்கூரமும் பாயும் வரும். அவனுக்கு ஆடு உண்டு, கம்பளி உண்டு, தறி உண்டு. நம்முடைய கைடுகள் அவன் வீட்டுக் கேக்கையும் நிலாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, அவன் வீட்டுத் தறியை அங்கேயே விட்டுவிட்டன. எடப்பாடிக்கு வேண்டியது அதுதானே!

நாடாவை எடுத்துக்கொண்டேன். ஊடை நூலை வைத்துக்கொண்டு பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஓடுகிறதே, அந்த நாடா. அதற்கு ஆங்கிலத்தில் 'ஷட்டில்' என்று பெயர் என்றேன். வகுப்பில் ஒரு சலசலப்பு. "ஷட்டில்காக்குங்களா?" என்றான் ஒருவன். ஆமாம், வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவதால் பந்துக்கு அந்தப் பெயர் வந்தது. இரண்டு இடங்களுக்கு நடுவே போய்ப்போய் வருகிற வண்டிக்கு ஷட்டில் வண்டி. 1981 முதல் 2011 வரை அமெரிக்கா வானத்துக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்த விண்கலத்துக்கும் ஸ்பேஸ் ஷட்டில் என்றுதான் பெயர். "அப்போ பூலாம்பட்டிப் பரிசல்?" என்று கேட்டாள் ஒருத்தி. பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் காவிரியில் போய்ப்போய் வருகிற படகைத்தான் சொல்கிறாள். அதுவும் ஷட்டில்தான் என்றேன். தங்கள் வீட்டு நாடா வானத்துக்குப் போய்வந்த செய்தியை அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கௌரவமாக ஏற்றுக்கொண்டார்கள் தெரியுமா!

பிறகு 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பதைச் சொன்னேன். கைடில் இல்லாத தொடர். கான்வென்ட்டில் படித்தவர்களே பலர் இதைத் தப்பாக உச்சரிப்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று கேட்டால் விழிப்பார்கள். இங்கிலாந்தில் கம்பளித் துணியை நெய்த பிறகு தண்ணீரில் நனைத்து மிதித்து அடிப்பார்கள். துணி சுருங்கும். சுருங்கிய துணியை வெட்டவெளியில் மரச்சட்டங்களில் விரித்து, ஓரங்களைக் கொக்கிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் டென்டர். கொக்கிக்குப் பெயர் டென்டர்ஹுக். பரீட்சை முடிவு வருவதற்கு முந்தின நாள் ஒருவன் மனம் எப்படி இருக்கும்? கொக்கியில் மாட்டி இழுத்துக் கட்டிய துணி மாதிரி. 'முள்மேல் நிற்கிறாற்போல' என்று நாம் சொல்கிறோமே, அது.

சேலம் பக்கத்து நெசவாளர் ஊர்களில் பாவடி என்று ஓர் இடம் உண்டு. பாவை நீட்டி விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றுகிற வெளி. விசைத்தறி வந்த பிறகு பல ஊர்களில் பாவடி வெறும் மைதானமாகவும் தெருப் பெயராகவும் நிற்கிறது. நான் சட்டத்தையும் கொக்கியையும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. "பாவடியில அப்படித்தாங்க கட்டுவாங்க. எங்க தாத்தா கட்டியிருக்காரு."

சுவரோரப் பையன்தான்.

வகுப்பு அவன் பக்கம் திரும்பிற்று. அவன் எழுந்து நின்று சொன்னான்: விடியற்காலை வெயில் ஏறுவதற்குள் பாவை இழுக்க வேண்டும், காற்று அடித்தால் இழை ஒட்டிக்கொள்ளும், இரண்டு கோடியிலும் ஆள் நிற்க வேண்டும், தாத்தா சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு நின்றாராம். ஐந்து நிமிஷம் பேசினான். தமிழில்தான் பேசினான். அந்த வகுப்பில் டென்டர்ஹுக் என்ற வார்த்தையை அவனைப்போல் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை, நானும் இல்லை. நான் புத்தகத்தில் படித்தவன். அவன் வீட்டில் கேட்டவன்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடின பிறகு அவன் மேஜையருகில் வந்து நின்றான். "தாத்தா செத்ததை இங்கிலீஷில எப்படிங்க எழுதோணும்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்கு முன் அவனை ஒரு கேள்வி கேட்டேன். "ஊரில் யாராவது 'தாத்தா எங்கே?' என்று கேட்டால் தமிழில் என்ன சொல்வாய்?"

"தவறிட்டாருங்கன்னு சொல்லுவேன்."

"மண்டையைப் போட்டுவிட்டார் என்று சொல்வாயா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க!"

அதுதான் பாடம். முழுப் பாடமும் அதுதான். காலமானார், சிவபதவி அடைந்தார், இயற்கை எய்தினார், போய்ச் சேர்ந்தார், தவறினார், செத்தான், ஒழிந்தான், மண்டையைப் போட்டான் என்று ஒரே விஷயத்துக்குத் தமிழில் இத்தனை படிகள் வைத்திருக்கிறோம். எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே படிக்கட்டு இருக்கிறது என்றும், 'பாஸ்ட் அவே' என்பது தவறிவிட்டார் நிற்கிற படி என்றும், 'கிக் த பக்கெட்' மண்டையைப் போட்டான் நிற்கிற படி என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கடிதம் அப்படி எழுதப்பட்டிருக்காது. அவனிடம் இல்லாதது மரியாதை அல்ல, புத்தி அல்ல, இலக்கணம்கூட அல்ல. படி எது என்கிற தகவல் மட்டுமே. அதைக் கொடுக்காமல் வார்த்தையை மட்டும் கொடுத்த கைடைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

திருப்பிப் பாருங்கள். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், 'தவறு' என்றால் பிழை என்று அகராதியில் படித்தவர், நம் வீட்டுக்கு வருகிறார். 'எங்கள் தாத்தா தவறிவிட்டார்' என்று நாம் சொல்கிறோம். 'பரவாயில்லை, மனிதர்கள் பிழை செய்வது சகஜம்' என்று அவர் ஆறுதல் சொன்னால் நமக்குச் சிரிப்பு வருமா, வராதா? வரும். ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவருக்குப் பட்டப்பெயர் வைக்க மாட்டோம். 'அடடா, நம் பாஷையைக் கற்க எவ்வளவு பிரயாசைப்படுகிறார்!' என்று மெச்சி, காப்பி கொடுத்து அனுப்புவோம். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுத்தார். 1874 பதிப்பில் 6,000-க்கு மேல் இருக்கின்றன. டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளை வகைவகையாகப் பிரித்து இன்னொரு புத்தகம் போட்டார். இவர்களையெல்லாம் நாம் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறோம். வெள்ளைக்காரர் நம் அடுக்களைக்கு வந்தால் பாராட்டு, நம் வீட்டுப் பையன் அவர்கள் அடுக்களைக்குப் போய்த் தடுக்கினால் பரிகாசம் என்பது என்ன நியாயம்?

மரபுத்தொடர்கள் தெரியாவிட்டால் ஆங்கிலமே வராது என்று நினைப்பதும் சரியல்ல. ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களும் தரையிலிருந்து அவர்களுக்கு வழி சொல்கிறவர்களும் உலகமெங்கும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கென்று சர்வதேச விதிப்படி வகுத்த வாசகங்கள் இருக்கின்றன. அலங்காரம் இல்லாத, ஒரே பொருளுள்ள வாசகங்கள். அங்கே பூனையும் நாயும் பெய்வதில்லை; பெய்தால் ஆபத்து. நம் பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போய்ப் பேச வேண்டிய ஆங்கிலத்தில் பெரும் பகுதி இத்தகைய நேரான ஆங்கிலம்தான். 'இட் இஸ் ரெய்னிங் ஹெவிலி' என்று சொன்னவன் எங்கும் தோற்றுப் போகமாட்டான்.

பின் எதற்காகக் கற்றுக் கொடுக்க வேண்டும்? சந்தோஷத்துக்காக. இன்னொரு ஜனங்கள் எப்படி உலகத்தைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பாஷைகளுக்கே உண்டு. ஒன்றிடமிருந்து ஒன்று தாராளமாக வாங்கிக்கொள்கின்றன. முதலைக் கண்ணீர், வெள்ளை யானை, பனிப்போர், குதிரை பேரம் எல்லாம் நம் பத்திரிகைகள் வெளியிலிருந்து வாங்கி வந்தவைதான். ஆங்கிலத்தில் சர்க்கார் தஸ்தாவேஜுகளைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்த வழக்கத்திலிருந்து வந்தது 'ரெட் டேப்'. அதைச் 'சிவப்பு நாடா' ஆக்கினோம். 'சிவப்பு நாடா முறையால் வேலை நின்றுவிட்டது' என்று பத்திரிகையில் படித்துவிட்டு, எடப்பாடிச் சிறுமி ஒருத்தி, 'நாடாவுக்கு எதுக்குங்க சிவப்புப் பெயின்ட் அடிச்சாங்க? அதனாலதான் தறி நின்னு போச்சுங்களா?' என்று கேட்டால் அவள் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-இல், ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்க ஒரு கழகம் தொடங்கினார். விஞ்ஞானச் சொல்லை அப்படிக் கழகம் கூடி ஆக்கலாம். பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தால் பிராணவாயுவுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். மரபுத்தொடரைக் கழகம் ஆக்க முடியாது. மனப்பாடமும் ஆக்க முடியாது. அது ஒரு சந்தர்ப்பத்தில் பிறந்தது, சந்தர்ப்பத்தோடுதான் வரும். மீனைத் தண்ணீரோடு எடுத்து வர வேண்டும் என்கிற மாதிரி.

நம் பெரியவர்கள் இதை மூன்றே வார்த்தையில் சொல்லி வைத்திருக்கிறார்கள்: இடம், பொருள், ஏவல். இந்த மூன்றும் அறிந்து பேசு என்றார்கள். கைடுக்காரர்கள் நடுவில் இருக்கிற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் இருந்ததை விட்டுவிட்டார்கள்.

என் மருமகள் இப்போது ஒரு பெரிய சார்ட்டு தயாரித்து வகுப்பில் மாட்டியிருக்கிறாள். அதில் ஐந்து பத்திகள். முதலில் ஆங்கிலத் தொடர். இரண்டாவது, பொருள். மூன்றாவது, இடம்: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது. நான்காவது, ஏவல்: யார் யாரிடம் சொல்லலாம். ஐந்தாவது, 'எங்கள் வீட்டில்' என்று தலைப்பு. அதே சந்தர்ப்பத்தில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது. 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்கு நேரே, சிநேகிதர்களிடம் சொல்லலாம், தலைமையாசிரியர் கணக்குக் கொடுக்கும்போது சொல்லக் கூடாது என்று எழுதி, ஐந்தாவது பத்தியில் 'அல்வா சாப்பிடற மாதிரி' என்று போட்டிருக்கிறார்கள். ப்ளூ மூனுக்கு எதிரே 'அத்தி பூத்தாப்பல.' ஐந்தாவது பத்தியைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து நிரப்புகிறார்கள். படிக்கத் தெரியாத தாயும் அந்தப் பத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், கொடுக்கிறாள். எளிதில் படம் தெரிகிற தொடர்கள் முதலில்: நூலிழையில் தொங்குவது, தண்ணீரைவிட்டு வந்த மீன், துணிக்கேற்ற சட்டை. ஏன் என்றே தெரியாத பூனையும் நாயும் கடைசியில். பக்கெட் சார்ட்டில் இல்லை. பெரியவர்களானதும் அவர்களே எங்கேயாவது கண்டு சிரித்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தொடருக்கு ஒரு பீரியட் ஆகிறது. 40 தொடர்கள் 12 ஆகிவிட்டன. போட்டியில் கைடிலிருந்து 40-ஐயும்தான் கேட்டார்கள். அந்தப் பள்ளிக்குப் பரிசு வரவில்லை. தலைமையாசிரியர் கொஞ்சம் முணுமுணுத்தார் என்று கேள்வி. பையனுக்கு வைத்த பட்டப்பெயரும் ஒரேயடியாகப் போய்விடவில்லையாம், குறைந்திருக்கிறதாம். ஆனால் ஆங்கில வகுப்பில் கையைத் தூக்குகிறானாம்.

கைடு அச்சிடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் புத்தகத்தில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக நிரப்பி வைத்திருக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் பாதித் தொடர்களைக் குறைத்துவிட்டு, வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள். ஒன்றும் அச்சிட வேண்டாம். எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும், கடற்கரையில் வலைக்காரர் வீட்டுப் பிள்ளையும், தஞ்சாவூரில் உழவர் வீட்டுப் பிள்ளையும் அதை வெவ்வேறு விதமாக நிரப்பிக்கொள்வார்கள்.